1958க்குப் பிறகு விமான நிலையங்கள் அடியோடு மாறியது ஏன்? ஓடுபாதை நீளம் மட்டும்தானா?

வரைபலகை:

வணக்கம் நண்பர்களே. ஜெட் வந்தது, ஓடுபாதை நீண்டது, முனையம் பெரிதானது என்று பாடப்புத்தகங்கள் ஒரே மூச்சில் முடித்துவிடுகின்றன. தேதிகளையும் அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கணக்கு இடிக்கிறது.

முதல் பயணிகள் ஜெட்டான காமெட் 1952 மே 2ஆம் தேதியே லண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போய்விட்டது. அதற்காக நிலையங்கள் பெரிதாக மாறவில்லை. 1958 அக்டோபர் 26 அன்று பான் ஆம் என்ற அமெரிக்க விமானக் கம்பெனியின் போயிங் 707 நியூயார்க்–பாரிஸ் பறக்கத் தொடங்கிய பிறகுதான் இடிப்பதும் கட்டுவதும் மும்முரமாகிறது. ஆனால் 707-120இன் இறக்கை அகலம் 39.9 மீட்டர். அதற்கு முந்தைய பிஸ்டன் விமானம் டிசி-7சி 38.9 மீட்டர். வித்தியாசம் ஒரே ஒரு மீட்டர்! பிறகு ஏன் முனையத்தின் உருவமே மாற வேண்டும்?

இன்னொன்று. வாஷிங்டன் டல்லஸ் நிலையத்தை 1962இல் திறந்தபோது, பயணிகளை விமானம்வரை கொண்டுபோக ஊர்ந்து செல்லும் கூடங்களை வைத்தார்கள். யோசனை அழகாகத்தான் இருக்கிறது. ஏன் உலகம் அதைப் பின்பற்றவில்லை?

எண்களோடு விளக்கினால் நன்றாக இருக்கும்.

சிபிஆர்80:

காமெட்டை முதலில் ஓரங்கட்டிவிடலாம். காமெட் 1 என்பது 36 இருக்கைகள், ஏறத்தாழ 48 டன். டிசி-7சியே 65 டன். அதாவது அன்றைய பிஸ்டன் விமானத்தைவிட இலேசான ஜெட். 707-120 அப்படியில்லை, 110 டன்னுக்கு மேல். பின்னால் வந்த 707-320பி, சி வகைகள் 151 டன். நிலையங்களை அசைத்தது இந்த எடைதான்.

ஓடுபாதை ஏன் நீண்டது என்பதற்கு எடை பாதிக் காரணம். மீதி, உந்துவிசையின் குணம். புரொப்பெல்லர் நின்ற நிலையிலேயே அதிக இழுவிசை தரும், வேகம் ஏற ஏறக் குறையும். ஆரம்பகால ஜெட்டுக்கு ஓட்டத்தின் தொடக்கத்தில் அந்த உதவி கிடையாது. கூடவே பின்சாய்ந்த இறக்கை. அது குறைந்த வேகத்தில் தூக்காது. பழைய புரொப்பெல்லர் விமானமான டிசி-3 ஏறத்தாழ 80 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் தரையை விடும் என்றால் 707க்கு 150 நாட் பக்கம் வேண்டும். ஓட்டதூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: 150/80இன் வர்க்கம் 3.5. முடுக்கம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தாலும் மூன்றரை மடங்கு நீளம். முதல் 707களின் எஞ்சினுக்குள் தண்ணீர் பீச்சி உந்துவிசையை ஏற்றியது இதனால்தான். அதற்காக நிலையத்தில் தாதுநீக்கிய நீரைச் சேமித்து நிரப்பும் வசதியும் வேண்டியிருந்தது. இதை யாரும் எழுதுவதில்லை.

நீளக் கணக்கின் முறை இது. கடல்மட்டம், 15 டிகிரி, சமதளம், காற்றில்லை என்ற நிலையில் விமானத்துக்கு வேண்டிய அடிப்படை நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 7 சதவீதம் கூட்டுங்கள். அந்த உயரத்தின் தர வெப்பநிலையைவிட (கடல்மட்டத்தில் 15, மேலே போகப்போகக் குறையும்) நிலையத்தின் குறிப்பு வெப்பநிலை, அதாவது கணக்குக்கு எடுக்கும் உள்ளூர் வெப்பநிலை, எத்தனை டிகிரி அதிகமோ, டிகிரிக்கு 1 சதவீதம். கடைசியில் சராசரிச் சரிவு ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 சதவீதம்.

கடலோர ஊர் ஒன்றில் அடிப்படை நீளம் 2,500 மீட்டர், குறிப்பு வெப்பநிலை 37 என்று வைத்துக்கொண்டால் 22 டிகிரி அதிகம், நீளம் 3,050. சரிவு அரை சதவீதம் என்றால் இன்னும் 5 சதவீதம், 3,203 மீட்டர். வெயில் மட்டுமே அரைக் கிலோமீட்டருக்கு மேல் தின்றுவிட்டது பாருங்கள். இதே விமானம் 900 மீட்டர் உயரத்தில், 34 டிகிரியில் என்றால் உயரத்துக்கு 21 சதவீதம்: 3,025. அங்கே தர வெப்பநிலை 9.15 டிகிரி, ஆகவே இன்னும் 24.85 சதவீதம்: 3,777. இரண்டும் சேர்ந்து 51 சதவீதம். உயரமும் வெப்பமும் சேர்ந்து 35 சதவீதத்தைத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தை நம்பக்கூடாது, விமான உற்பத்தியாளரின் வரைபடத்தை வைத்துத் தனி ஆய்வு செய்ய வேண்டும். தேர்வுத்தாளில் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். இறங்குவதற்கான நீளத்துக்கு வெப்பத் திருத்தம் கிடையாது என்பதையும் மறந்துவிடுவார்கள்.

நிலம் இல்லாத நிலையங்கள் இதனால்தான் வெளியே தள்ளப்பட்டன. சிகாகோ மிட்வே ஒரு சதுர மைலுக்குள் அடைபட்டது. 1962இல் விமானக் கம்பெனிகள் ஓ'ஹேருக்குக் குடிபெயர்ந்தன. பெர்லினில் டெம்பிள்ஹோஃப் ஓடுபாதை காரவெல் ஜெட்டுக்குப் போதாமல் ஏர் பிரான்ஸ் 1960 ஜனவரியில் அதே ஊரின் டேகல் நிலையத்துக்குப் போனது. ஹாங்காங் கடலுக்குள் மண்ணைக் கொட்டி 1958இல் காய் டாக் நிலையத்தில் 2,529 மீட்டர் நீள ஓடுபாதை போட்டது, 1970களில் அதுவும் போதாமல் 3,392 ஆக்கினார்கள்.

இனி தளம். எடை கூடினால் தடிமனைக் கூட்டினால் போதும் என்று தோன்றும், அப்படி இல்லை. டிசி-3இன் முக்கியச் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் அதிகம், டயர் அழுத்தம் 50 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). 151 டன் 707இல் எடையின் 93 சதவீதத்தை எட்டுச் சக்கரங்கள் பங்கிட்டால் தலைக்கு 17.5 டன், அழுத்தம் 180 பிஎஸ்ஐ. மேல்பரப்பை நசுக்குவது டயர் அழுத்தம், அடிமண்ணை அமுக்குவது சக்கரச்சுமை. நான்கு சக்கரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஆழத்துக்குப் போகப்போக அவற்றின் அழுத்தக் குமிழ்கள் ஒன்றோடொன்று கலந்து ஒற்றைப் பெரும் சக்கரம்போல வேலை செய்யும். மேலே பார்த்தால் தார் நன்றாக இருக்கும், கீழே மண் ஓடிப்போயிருக்கும்.

கான்கிரீட் பலகையில் முதலில் உடைவது மூலை. மழைநீர் மூட்டுக்குள் இறங்கி, சக்கரம் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அடியிலுள்ள நுண்மண்ணைச் சேறாக மூட்டு வழியே வெளியே துப்பும். சில மாதங்களில் பலகையின் அடியில் வெற்றிடம், அப்புறம் மூலைவிரிசல். மருந்து: மூட்டுகளில் பக்கத்துப் பலகைகளை இணைக்கும் டவல் (dowel) கம்பி, அடியில் சிமென்ட் கலந்து இறுக்கிய அடித்தளம், மூட்டு அடைப்பானைக் காய்ந்து வெடிக்குமுன் மாற்றுவது.

ஒன்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தளத்தை அதிகம் சேதப்படுத்துவது தரையிறங்கும் அடி அல்ல. அப்போது எடையில் ஒரு பங்கை இறக்கை இன்னும் தாங்கிக்கொண்டிருக்கும். முழு எரிபொருளோடு மெதுவாக ஊர்ந்து, ஓடுபாதை முனையில் வரிசையில் நிற்பதுதான் எமன். ஆகவே டாக்ஸிவேயும் (ஓடுபாதைக்கு விமானம் ஊர்ந்து போகும் வழி) ஓடுபாதை முனைகளும் முழுத் தடிமன். நடுவில், வேகமாக ஓடும் பகுதியில், அதில் 90 சதவீதம். ஓரங்களில் இன்னும் குறைவு.

டோபார்:

மேலே எழுதியவர் பறக்கிற, ஓடுகிற விமானத்தைப் பேசினார். உங்கள் ஒரு மீட்டர் புதிருக்கு விடை நிற்கிற விமானத்தில் இருக்கிறது.

புரொப்பெல்லர் விமானம் ஏப்ரனுக்கு, அதாவது முனையத்தை ஒட்டி விமானம் நிற்கும் தளத்துக்கு, தானே வரும், முனையத்துக்குப் பக்கவாட்டில் நிற்கும், தானே ஒரு வட்டமடித்துத் திரும்பிப் போகும். பயணிகள் வெயிலிலோ மழையிலோ நடந்து ஏணியில் ஏறுவார்கள். இடம் வீணாகும், ஆனால் யாருக்கும் ஆபத்தில்லை. அதே வட்டத்தை நான்கு எஞ்சின் ஜெட் அடித்தால் பின்னால் வீசும் சூடான காற்று ஏணியையும் பெட்டி வண்டியையும் உருட்டிவிடும், கண்ணாடியை உடைக்கும், கிளம்பும் கல்லும் தகரமும் பக்கத்து எஞ்சினுக்குள் போகும். இரைச்சலில் ஏப்ரனில் நின்று பேசவே முடியாது.

எனவே மூக்கை உள்ளே விட்டு நிறுத்தி, போகும்போது டிராக்டரால் பின்னுக்குத் தள்ளும் முறை நிலைத்தது. ஜெட் தன் பலத்தில் முனையப் பக்கம் திரும்பவே கூடாது. இது வந்தவுடன் நிலையத்தின் எலும்புக்கூடே மாறுகிறது. மூக்கு கட்டடத்தைத் தொட வேண்டும். அதாவது ஒவ்வொரு விமானத்துக்கும் கட்டடத்தின் சுவரில் ஒரு பங்கு வேண்டும். இறக்கை 44.4 மீட்டர், பக்கத்து விமானத்துக்கு இடைவெளி 7.5 மீட்டர், ஆக ஒரு 707-320பிக்கு ஏறத்தாழ 52 மீட்டர் சுவர். பத்து விமானத்துக்கு அரைக் கிலோமீட்டர். எந்த முனையத்தின் முகப்பு அத்தனை நீளம்? சுவரை எங்கிருந்தாவது உண்டாக்கியாக வேண்டும். முனையத்திலிருந்து ஏப்ரனுக்குள் விரல்போல நீட்டினால் இரண்டு பக்கமும் சுவர் கிடைக்கும். பியர் என்கிற விரல் வடிவம் பரவியது இந்தக் கணக்கால்தான். உங்கள் ஒரு மீட்டர் வித்தியாசத்துக்கு இதில் பங்கே இல்லை. டிசி-7சி அந்தச் சுவரைத் தொடத் தேவையில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பின்னுக்குத் தள்ளும் இந்தப் புஷ்பேக் எளிதாகத் தெரியும், தவறினால் செலவு பெரிது. டிராக்டருக்கும் மூக்குச் சக்கரத்துக்கும் நடுவில் டோபார் என்ற இணைப்புத் தண்டு. அதில் வேண்டுமென்றே பலவீனமான ஷியர் பின் இருக்கும். சக்கரத் தண்டு முறிவதற்கு முன் அது அறுந்துபோகட்டும் என்று. தள்ளுவதற்குமுன் மூக்குச் சக்கரத்தின் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கைப் பைபாஸ் பின் போட்டு விலக்க வேண்டும். அதை மறந்தால் விமானி பெடலை அசைத்த மாத்திரத்தில் டோபார் சுழன்று பக்கத்தில் நிற்பவரின் காலை உடைக்கும். திருப்பும் கோணத்துக்கு மூக்குக் கதவில் சிவப்புக் கோடு இருக்கும், அதைத் தாண்டினால் பின் அறுபடும். தள்ளும்போது காக்பிட்டில் யாரும் பிரேக்கைத் தொடக்கூடாது. தொட்டால் டோபார் மடங்கும். பின் அறுந்து விமானம் தனியாக உருண்டால் மட்டும் பிரேக், அதுவும் கீழே ஹெட்செட்டில் இருப்பவர் சொன்ன பிறகு, மெதுவாக.

அடுத்தது எரிபொருள். டிசி-7சி ஏறத்தாழ 29,600 லிட்டர் பிடிக்கும், 707-320பி 90,000 லிட்டர். டேங்கர் லாரியில் கொண்டுவந்தால் ஒரு விமானத்தைச் சுற்றி நான்கைந்து லாரி நிற்க வேண்டும், அதுவும் ஏணி, உணவு வண்டி, கழிவு வண்டி நிற்கும் அதே இடத்தில். இதற்காகத்தான் ஏப்ரனுக்கு அடியில் குழாய் பதித்து ஹைட்ரன்ட் குழிகளை வைத்தார்கள். மேலே வருவது குழாய், வடிகட்டி, மீட்டர் மட்டும் சுமந்த சிறிய டிஸ்பென்சர் வண்டி. இறக்கைக்குள் நுழையும் இடத்தில் 50 பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது. ஊழியர் கையிலிருக்கும் டெட்மேன் சுவிட்சை விட்டால் உடனே நிற்க வேண்டும். நிலைமின்சாரப் பொறி வராமல் விமானத்தையும் வண்டியையும் இணைக்கும் பாண்டிங் கேபிள் மாட்டாமல் குழாயைத் தொடவே கூடாது.

விமானப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் மண்ணெண்ணெய்க்குத் தீப்பற்றும் பயம் குறைவு, ஆனால் தண்ணீரும் தூசியும் அதில் எளிதில் அடியில் படியாமல் மிதக்கும். வடிகட்டிப் பிரிப்பானும், குழாயின் தாழ்ந்த புள்ளிகளில் தினசரி வடிப்பதும் அப்போதுதான் கட்டாயமாயின. குழாயைச் சரிவில்லாமல் பதித்தால் தண்ணீர் நடுவிலேயே தங்கிவிடும். பிறகு அதற்கு வைத்தியமே கிடையாது, தோண்ட வேண்டியதுதான்.

இதே மண்ணெண்ணெய் தாரையும் கரைக்கும். சொட்டிய இடத்தில் தார் இளகி, ஜல்லி பெயர்ந்து, அந்தக் கல் எஞ்சினுக்குள் போகும். ஆகையால் நிறுத்துமிடங்கள் கான்கிரீட். ஓடுபாதையின் நடுப்பகுதி தாராக இருந்தாலும் முனைகள் கான்கிரீட்டாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எஞ்சின் வெப்பத்துக்கும் நிற்கும் சுமைக்கும் சேர்த்து. 707இன் வெளி எஞ்சின்கள் ஓடுபாதை ஓரத்துப் புல்லை நோக்கி நீண்டிருந்ததால் இரு பக்கமும் ஷோல்டர் என்ற ஓரத்தளம் போட்டு மண்ணை மூட வேண்டியிருந்தது. 45 மீட்டர் ஓடுபாதை, ஷோல்டரோடு 60 மீட்டர் என்பது இன்றும் நடைமுறையில் இருக்கும் அளவு.

நிழற்கூரை:

சுவர் கணக்கைச் சொன்னீர்களே, அதை வைத்தே டல்லஸைப் பார்க்கலாம். கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்த முதல் முனையத்தின் நீளம் 600 அடி, அதாவது 183 மீட்டர். 52 மீட்டரால் வகுத்தால் மூன்று விமானம் நிற்கும், நான்காவதற்கு இடமில்லை. ஆக அவர் முன் இரண்டு வழிகள்தான்: விரல் நீட்டுவது, அல்லது கட்டடம் விமானத்தைத் தொட வேண்டும் என்ற நிபந்தனையையே கைவிடுவது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பியர்களில் பயணி நடக்கும் தூரத்தை அவரது குழு அளந்து பார்த்திருந்தது; விரல் நீள நீள நடையும் நீளும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஊர்ந்து செல்லும் அந்தக் கூடம் 54 அடி நீளம், 16 அடி அகலம். 71 பேர் உட்காரலாம், நிற்பவரோடு 102 பேர். கிரைஸ்லரும் பட் கம்பெனியும் செய்தன. பயணி முனையத்துக் கதவைத் திறந்து கூடத்துக்குள் நடந்து உட்கார்ந்துகொள்வார், கூடம் ஏப்ரனைக் கடந்து விமானத்தின் கதவோடு ஒட்டிக்கொள்ளும். விமானம் ஓடுபாதைக்கு அருகிலேயே நிற்கலாம், டாக்ஸி தூரமும் எரிபொருளும் மிச்சம். தரையில் ஊரும்போது ஆரம்பகால ஜெட் எஞ்சின் குடிக்கும் எரிபொருளை நினைத்தால் அது சின்ன லாபம் அல்ல.

எங்கே உடைந்தது? முதலாவது, கூடம் கடைசிப் பயணிக்காகக் காத்திருக்கும். விரல் முனையத்தில் தாமதமாக வருபவர் ஓடி வந்து ஏறிவிடலாம். இங்கே அவருக்காக மற்ற நூறு பேரும் நிற்க வேண்டும், இல்லையென்றால் அவரை விட்டுவிட வேண்டும். இரண்டாவது, 1970 ஜனவரி 22 அன்று பான் ஆம் 747ஐப் பறக்கவிட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட பயணிகளுக்கு மூன்று நான்கு நடை. கதவும் 707இன் கதவைவிட ஒன்றரை மீட்டர் போல உயரத்தில் இருந்ததால், உடலையே தூக்கக்கூடிய வேறு வண்டி தேவைப்பட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் ஓட்டுநர் சம்பளம் தனி.

மூன்றாவதுதான் கொன்றது. 1978இல் அமெரிக்காவில் விமானக் கம்பெனிகள்மீது இருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கி, ஒரு மைய நிலையத்தில் விமானம் மாறிப்போகும் ஹப் முறை வந்தது. ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர் ஏப்ரனிலிருந்து முனையத்துக்கு வந்து, மீண்டும் ஏப்ரனுக்குப் போவது அபத்தம். சாரினென் நினைத்த பயணி வீட்டிலிருந்து காரில் வருபவர், மாறிப்போகிறவர் அல்ல. 1980களில் நடுக்களத்தில் சாதாரண ஏரோபிரிட்ஜோடு (கட்டடத்திலிருந்து விமானக் கதவுவரை நீளும் மூடிய பாலம்) கான்கோர்ஸ் என்ற தனிக் கட்டடம் கட்டி, கூடங்களை முனையத்துக்கும் அதற்கும் இடையே ஓடும் பஸ்ஸாக்கிவிட்டார்கள். 2010இல் அடியில் ரயில் வந்த பிறகும் சில கூடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. உலகம் பின்பற்றவே இல்லை என்பதும் சரியல்ல. 1975இல் திறந்த மாண்ட்ரியல் மிராபெல் இதே வழியில் போனது. முடிவு அங்கேயும் நல்லதாக இல்லை.

அதே சாரினெனின் இன்னொரு கட்டடம் நியூயார்க் ஐடில்வைல்டில் (இன்றைய ஜான் எஃப். கென்னடி நிலையம்) டிடபிள்யூஏ விமானக் கம்பெனிக்குக் கட்டியது, 1962 மே மாதம் திறந்தது. வடிவமைத்தது 1950களின் நடுவில், ஜெட்டின் எண்ணிக்கையும் பயணிகளும் எப்படிப் பெருகும் என்று தெரியாத காலத்தில். கான்கிரீட் ஓட்டை நீட்டவும் முடியாது, வெட்டவும் முடியாது. திறந்த நாளிலேயே அதன் அளவு பழையது. 2001இல் மூடி, 2019இல் ஹோட்டலாக்கினார்கள். என் கருத்தில் டல்லஸ் கட்டடக் கலையாகவும் டிடபிள்யூஏவைவிட நல்ல பதில், ஏனென்றால் டல்லஸை நீட்டலாம். 1996இல் இரண்டு பக்கமும் நீட்டி 1,240 அடியாக்கினார்கள், பார்ப்பவருக்கு ஒட்டு தெரியாது.

அதே ஐடில்வைல்டில் பான் ஆம் வேறு பதில் தேடியது: நான்கு ஏக்கர் நீள்வட்டக் கூரை, தூண்களைத் தாண்டி சுமார் 35 மீட்டர் வெளியே நீண்டு விமானத்தின் மூக்குக்கு மேல் குடைபிடித்தது. 1960இல் திறந்தது. குடை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் குடைக்குக் கீழே எத்தனை மூக்கு நுழையும் என்பது குடையைக் கட்டிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது. விமானம் வளர்ந்தபோது கூரை வளரவில்லை.

ஏரோபிரிட்ஜ் புதிய யோசனை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். லண்டன் கேட்விக்கில் 1936இலேயே வட்ட வடிவ முனையத்திலிருந்து தண்டவாளத்தில் நீளும் மூடிய பாதைகள் இருந்தன. அன்று அது மழைக்கு. 1958இல் ஓ'ஹேரிலும் அடுத்த ஆண்டு மற்ற அமெரிக்க நிலையங்களிலும் வந்தபோது காரணம் வேறு: இரைச்சலும் வெப்பக் காற்றும்.

தென்றல்வழி:

ஓடுபாதையின் நீளத்தைப் பேசினீர்கள், திசையைப் பேசவில்லை. 1940களின் நிலைய வரைபடங்கள் நட்சத்திரம் மாதிரி இருக்கும். ஹீத்ரோவில் மூன்று ஜோடி ஓடுபாதைகள் ஆறுமுனை நட்சத்திரமாகப் பின்னப்பட்டு, நடுவில் முனையங்கள். வால்சக்கர விமானம் பக்கக்காற்றில் எளிதில் சுழன்றுவிடும், ஆகவே எந்தத் திசைக் காற்றுக்கும் ஒரு ஓடுபாதை வேண்டியிருந்தது. கனமான, மூக்குச்சக்கர ஜெட் வந்தபின் 1,500 மீட்டருக்கு மேல் ஓடுபாதை கேட்கும் விமானங்களுக்கு 20 நாட் பக்கக்காற்றுவரை கணக்கில் எடுக்கலாம். சிறிய விமானங்களுக்கு 10 நாட்தான். 95 சதவீத நேரம் பயன்பட வேண்டும் என்ற விதியை ஒரே திசையே நிறைவேற்றிவிடும். குறுக்கே போனவை டாக்ஸிவேயாகவும் நிறுத்துமிடமாகவும் மாறின. புதிய நிலையங்களில் இணை ஓடுபாதைகள், நடுவில் முனையம். டல்லஸில் திறந்தபோது 11,500 அடியில் இரண்டு இணை, 10,000 அடியில் ஒன்று.

ஹீத்ரோவுக்கு இதில் ஒரு தண்டனை மிஞ்சியது. முனையங்கள் ஓடுபாதைகளுக்கு நடுவே சிறைப்பட்டு, காரில் போக ஓடுபாதைக்கு அடியில் சுரங்கம். நடுவில் இருந்தால் விமானத்துக்குப் பக்கம் என்று போட்ட கணக்கில் கார்களை யாரும் சேர்க்கவில்லை.

இரைச்சலையும் விடக்கூடாது. அந்நகர விமான நிலையங்களை நடத்தும் நியூயார்க் துறைமுக ஆணையம் 112 பிஎன்டிபி (உணரப்படும் இரைச்சலின் அலகு) என்று வரம்பு வைத்தது. சாதாரண டெசிபலில் ஜெட்டும் புரொப்பெல்லரும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஜெட்டின் கீச்சொலி காதுக்கு அதிகம் உறுத்தும். அதை அளக்கத்தான் உணரப்படும் இரைச்சல் என்ற புதிய அலகே பிறந்தது. போயிங் எஞ்சின் வாயைப் பல சிறு குழாய்களாகப் பிரித்து ஒலியைக் குறைத்தது. விலையாக உந்துவிசையில் கொஞ்சம் போனது. டல்லஸுக்குப் பத்தாயிரம் ஏக்கர் வாங்கியதில் இரைச்சலுக்கு விட்ட இடமும் அடக்கம். நம் வாசகர்களில் பலர் பார்த்த உதாரணம் சிங்கப்பூர்: பாயா லேபார் 1955இல் திறந்தது, ஒற்றை ஓடுபாதை, சுற்றிலும் குடியிருப்பு. 1981இல் கடலோரம் சாங்கிக்குப் போனார்கள், கடலை நிரப்பி எடுத்த நிலத்தையும் சேர்த்துக்கொண்டு.

வரைபலகை:

மிக்க நன்றி. சுவர்க் கணக்கு எனக்கு மொத்தப் படத்தையும் திறந்துவிட்டது. இரண்டு சந்தேகம். சிபிஆர்80 சார், குறிப்பு வெப்பநிலைக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் வேறு சூத்திரம் இருக்கிறது: சராசரி, அதோடு உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒன்று. எதை எடுப்பது? இன்னொன்று, நீண்ட ஓடுபாதை கட்டியபின்னும் மழையில் ஜெட்கள் வழுக்கி வெளியே போனது ஏன்?

சிபிஆர்80:

தேர்வுக்குப் பாடப்புத்தகச் சூத்திரம். வேலைக்கு, ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் தினசரி உச்ச வெப்பநிலைகளின் சராசரி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் ஆனெக்ஸ் 14 விதித்தொகுப்பு சொல்வது அது. உதாரணத்துக்கு மாதச் சராசரி 32, உச்சங்களின் சராசரி 38 என்றால் மூன்றில்-ஒன்று முறையில் 34, ஆனெக்ஸ் முறையில் 38. நாலு டிகிரி என்பது 2,500 மீட்டரில் 100 மீட்டர். பல ஆண்டுத் தரவின் சராசரியை எடுங்கள், ஒரே ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மழைக்கு, டயர் அழுத்தம்தான் மறுபடியும். தண்ணீர்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், நாட் கணக்கில், பிஎஸ்ஐ அழுத்தத்தின் வர்க்கமூலம் பெருக்கல் 9. 180க்கு வர்க்கமூலம் 13.4, ஆக 121 நாட். 707 தொடும் வேகம் அதைவிட அதிகம். நின்ற தண்ணீர் இருந்தால் முதல் சில நொடிகளில் பிரேக் வெறும் மிதிதான். ஆகவேதான் குறுக்கே வெட்டும் பள்ளங்கள்: 6 மிமீ அகலம், 6 மிமீ ஆழம், 38 மிமீக்கு ஒன்று. பிரிட்டனில் 1950களில் ராணுவ ஓடுபாதைகளில் தொடங்கியது, அமெரிக்கப் பயணிகள் நிலையங்களில் 1967இல் வாஷிங்டன் நேஷனல். பள்ளம் வெட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. தொடும் இடத்தில் டயர் ரப்பர் உருகி அதை அடைத்துவிடும், உயரழுத்தத் தண்ணீரால் அவ்வப்போது கழுவ வேண்டும். புதுத் தாரில் உடனே வெட்டினால் வெயிலில் விளிம்பு சரிந்து மூடிக்கொள்ளும், சில வாரம் ஆறவிடுங்கள்.

நிழற்கூரை:

நடை தூரத்துக்கு வேறு நல்ல பதில் வந்தது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 1971இல் திறந்த டாம்பாவில் நடை 700 அடிக்குமேல் இருக்கக்கூடாது என்று முதலில் முடிவு செய்துவிட்டு வரைந்தார்கள். கார் வரும் கட்டடம் நடுவில், விமானம் நிற்கும் கட்டடங்கள் தனியே, இடையில் ஓட்டுநரில்லா வண்டி. அட்லாண்டா 1980இல் இதையே நேர்கோட்டில் அடுக்கி, அடியில் ரயில் விட்டது. சாரினென் தேடிய பிரிவினைதான் அது. வண்டி மட்டும் ஏப்ரனிலிருந்து நிலத்தடிக்குப் போய்விட்டது, கால அட்டவணையில் ஓடியது, யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

எதிர்த் திசையில் போனது கான்சாஸ் சிட்டி, 1972. வளையமான மூன்று முனையங்கள், காரிலிருந்து விமானத்துக்கு 75 அடி. விமானக் கம்பெனியே கேட்டு வாங்கிய வடிவம். 1973 ஜனவரியில் எல்லாப் பயணிகளையும் கைப்பெட்டிகளையும் சோதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. வளையம் மெல்லியதாக இருந்ததால் மையச் சோதனைக்கு இடமில்லை, ஒவ்வொரு கதவுக் கூட்டத்துக்கும் தனிச் சோதனை. சோதனை தாண்டியவர் இருக்கும் இடத்தில் கழிப்பறைக்கும் கடைக்கும் இடம் போதவில்லை. ஐம்பது ஆண்டு இப்படியே ஓட்டி, 2023 பிப்ரவரியில் ஒற்றை முனையம் திறந்தார்கள்.

டோபார்:

ஏரோபிரிட்ஜ் வரைவதாக இருந்தால் மூன்று விஷயம் மட்டும். சரிவு 12க்கு 1ஐத் தாண்டாமல், இருப்பதிலேயே உயரமான கதவுக்கும் தாழ்ந்த கதவுக்கும் சேர்த்துச் சரிபாருங்கள். பாலத்தின் நீளும் பாதை போதாவிட்டால், கட்டடத்தோடு பாலம் சேருமிடத்திலுள்ள சுழலும் வட்ட அறையான ரோட்டண்டாவைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும். நகரும் தூணின் சக்கரம் போகும் பாதையை ஏப்ரனில் வரைந்து, அதற்குள் ஹைட்ரன்ட் குழி வராமல் பாருங்கள். பாலத்தின் முனையில் விமானத்தைத் தொடும் கேபினின் தரையை விமானக் கதவின் அடிவிளிம்புக்கு ஒரு சாண் கீழே நிறுத்தும்படி வையுங்கள். எரிபொருளும் பெட்டியும் ஏற ஏற விமானம் அமுங்கும். உடலைத் தொட்டபடி இருக்கும் ஆட்டோலெவலர் சக்கரம் அதைப் பார்த்து கேபினை இறக்க வேண்டும். அது வேலை செய்யாமல் போனால் திறந்த கதவு கேபின் தரையில் உட்கார்ந்து கீல் வளையும், விமானம் அன்று போகாது.